அங்கணத்துத் தண்ணீரும் அரைக்கிலோ பொட்டாஷும்

புளியங்குடி, கடையநல்லூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் எலுமிச்சை மரத்தைத் தேடவே வேண்டாம். புறவாசலில் அங்கணத்துத் தண்ணீர் ஓடி வந்து முடிகிற இடத்தில் நிற்கும். பாத்திரம் கழுவுவது, அரிசி களைவது, கை கால் அலம்புவது எல்லாம் அங்கணத்தில்தான். அந்தத் தண்ணீர் சுவர் ஓட்டை வழியாக ஒரு சின்ன வாய்க்காலில் இறங்கும். வாழை முதலில், அடுத்து கறிவேப்பிலை, கடைசியில் எலுமிச்சை. வாழை எவ்வளவு தண்ணீரையும் தாங்கும். எலுமிச்சைக்கு ஈரம் வேண்டும், ஆனால் மூட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. நின்றால் பட்டை அழுகிப் பிசின் வடியத் தொடங்கிவிடும். அதனால் அதற்கு மட்டும் கொஞ்சம் மேடான இடம். இந்த வரிசையை முதலில் யார் வகுத்தார்களோ, எங்கள் தெரு முழுக்க அப்படித்தான் இருந்தது.

1970-களில் எங்கள் வீட்டு மரத்துக்கு யாரும் உரம் வைத்து நான் பார்த்ததில்லை. உரம் என்றால் அது வயலுக்குப் போகிற சாமான். 1975-இல் தூத்துக்குடி ஸ்பிக் ஆலை ஓடத் தொடங்கியபின் யூரியா மூட்டைகள் எங்கள் ஊர்க் கடைகளில் அடுக்கடுக்காக நின்றன. நெல்லுக்குத் தூவிவிட்டுக் காலிச் சாக்கை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். ஆச்சி அதை அலசிக் காயவைத்து வற்றல் போட எடுத்துக்கொள்வாள். உள்ளே இருந்த சரக்கு புறவாசலுக்கு வந்ததே கிடையாது.

ஆனாலும் அந்த மரம் ஒரு நாளும் பட்டினி கிடக்கவில்லை. அடுப்புச் சாம்பலில் பாத்திரம் தேய்த்தது போக மீதியெல்லாம் மரத்தடிக்குத்தான் போகும். தொழுவம் கழுவிய தண்ணீர், கோமியமும் சாணியும் கலந்தது, வாரத்தில் சில நாள் அந்தப் பக்கம் திருப்பிவிடப்படும். ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிய தண்ணீர். ஆட்டுப் புழுக்கையைக் கூட்டி அள்ளினால் ஒரு கூடை. கோடையில் குளம் வற்றியதும் கரம்பை வண்டி வரும். வயலுக்குப் போகிற வழியில் இரண்டு கூடை புறவாசலில் இறங்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் வேப்பங்குழை, எருக்கங்குழை எல்லாம் வெட்டிப் போட்டு மண் தள்ளி மூடுவார்கள். இதையெல்லாம் மரத்துக்கான வேலையாக யாரும் செய்யவில்லை. வீடு நடந்த நடையில் நடந்த காரியங்கள் அவை.

ஆச்சிக்கு ஒரு கண்டிப்பு உண்டு. நாங்கள் சாம்பல் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் திண்ணையிலிருந்தே சத்தம் வரும்: "ஏட்டி, மூட்டுல கொண்டு கொட்டாத. தள்ளிப் போடு. உச்சி வெயிலுக்கு நெழல் எங்கன முடியுதோ அங்கன போடு." மரத்தின் சத்து உறிஞ்சுகிற மெல்லிய வேர்கள் மேல்மண்ணில் ஒன்றரை, இரண்டு அடிக்குள் படர்ந்து, கிளை விரிந்த அளவுக்கு வெளியே போய்க் கிடக்கின்றன. தண்டை ஒட்டிப் போட்ட எருவில் வேருக்குப் போவது குறைவு, பட்டைக்கு வருகிற கேடு அதிகம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தண்டிலிருந்து 70 செ.மீ. தள்ளி உரம் இடச் சொல்கிறது. ஆச்சியின் நிழல் கணக்கு மரம் வளர வளரத் தானும் தள்ளிப்போகிற கணக்கு என்பதால் எனக்கு இன்றும் அதுதான் கைகொடுக்கிறது.

இன்னொன்று, வாட்டம் போடுவது. பூ எடுக்க வேண்டிய பருவத்துக்கு முன்னால் வாய்க்காலில் ஒரு மம்பட்டி மண்ணை வெட்டி அடைத்துவிடுவார் தாத்தா. தண்ணீர் வாழையோடு நின்றுவிடும். எலுமிச்சை இலை நண்பகலில் சுருண்டு, சாயங்காலம் நிமிராமல் அப்படியே தொங்குகிற வரைக்கும் விட்டுவைப்பார். பார்க்கிற எங்களுக்கு மனது கேட்காது. ஒளித்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றப் போனால், "வாட்டம் குடுத்தாத்தான் பூ எறங்கும், விடுங்கட்டி" என்பார். பிறகு ஒரு நாள் அடைப்பை வெட்டிவிட்டு, எருவும் போட்டு, நிறையத் தண்ணீர் விடுவார்கள். கொஞ்ச நாளில் கணுவுக்குக் கணு வெள்ளை மொட்டு. தண்ணீர்த் தட்டுப்பாடு எலுமிச்சை வகை மரங்களைப் பூக்கத் தூண்டும் என்பது தோட்டக்கலைப் புத்தகங்களில் உள்ள பாடம். எங்கள் பக்கத்தில் தோப்பு வைத்திருந்த எல்லாருக்கும் அது புத்தகம் இல்லாமலே பாடம். கேரளத்துக்கு லாரி லாரியாகப் பழம் அனுப்புகிற சந்தை புளியங்குடியில் சும்மா உருவாகிவிடவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகப் போனது. கேஸ் அடுப்பு வந்தது. ஆச்சியின் கண் எரிச்சல் தீர்ந்தது, சாம்பலும் தீர்ந்தது. மாட்டைப் பார்க்க ஆள் இல்லாமல் தொழுவம் காலியாகி, அந்த இடத்தில் அண்ணனின் கார் நிற்கிறது. சீயக்காயும் புளியும் சாம்பலும் இருந்த இடத்தில் சோப்புத் தூள் வந்தபிறகு அங்கணத்துத் தண்ணீரை மரத்துக்கு விடுவதே ஆபத்தாகிவிட்டது. அதிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும். அந்தத் தண்ணீரைக் குழாயில் பிடித்து செப்டிக் டேங்குக்குக் கொண்டுபோனார்கள். குளத்தில் கரம்பை எடுக்க இப்போது மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். கடைசியில் புறவாசல் முழுக்கக் கல் பாவினார்கள். மரம் இரண்டு மழைக்காலம் தாக்குப்பிடித்தது. நுனிக்கிளைகள் முதலில் காய்ந்தன, பிறகு பெரிய கிளைகள். அதற்கும் வயதாகியிருந்தது என்பதை மறுக்கவில்லை. நாட்டு எலுமிச்சை நன்றாகக் காய்ப்பது இருபது, இருபத்தைந்து வருடம்தான். ஆனால் பக்கத்துத் தோப்புகளில் அதே வயது மரங்கள் அப்போது காய்த்துக்கொண்டிருந்தன. எலுமிச்சைக்குப் பேர் போன ஊரில் இருந்துகொண்டு எங்கள் வீட்டில் இன்று கடைப் பழம் வாங்குகிறார்கள். 2022 ஏப்ரலில் பல ஊர்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டி, ஒற்றைப் பழம் பத்து ரூபாய்க்கு விற்றபோது அண்ணி போனில் சொன்னது விலையைப் பற்றியே இல்லை. "காசு குடுத்து எலுமிச்சை வாங்கிட்டு தெருவுல நடந்து வாரதுக்கே ஒரு மாதிரியா இருக்கு மதினி" என்றாள்.

கல் பாவுவதற்கு முன்பே அந்த மரத்துப் பழம் ஒன்றைச் சென்னைக்குக் கொண்டுவந்திருந்தேன். எலுமிச்சை விதையைக் காயவிட்டால் முளைப்புத் திறன் போய்விடும். பழத்திலிருந்து எடுத்த அன்றைக்கே ஊன்ற வேண்டும். ஒரு விதையிலிருந்து இரண்டு, மூன்று முளைகூட எழும்பும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தம் சேர்ந்து உருவானவை அல்ல. தாய் மரத்தின் திசுவிலிருந்தே நேராகக் கிளம்பிய கருக்கள். அதாவது தாயின் அச்சு அசல். நாற்றங்காலில் ஒரே சீராகத் தடித்து வளர்கிறவற்றை வைத்துக்கொண்டு, நோஞ்சானையும் மாறுபட்டு நிற்பதையும் பிடுங்கிவிடுவது நாற்றுப் போடுகிறவர்களின் வழக்கம். நானும் அப்படியே செய்தேன். பதியன் போட்ட கன்று மூன்றாம் வருடம் காய் காட்டும் என்றால், விதைக்கன்று அதற்கு மேலும் சில வருடம் கேட்கும். கேட்கட்டும். தாம்பரத்துக்குத் தெற்கே, சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே இருக்கிற துண்டு நிலத்தில் இன்று நிற்பது, எனக்குத் தெரிந்தவரையில், எங்கள் புறவாசல் மரமேதான். மரம் அதே மரம் என்பதால்தான் மற்றதெல்லாம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது.

முதலில் மண். இந்த மனை ஒரு காலத்தில் பள்ளம். கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கியது. 75 செ.மீ. நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டியபோது செங்கல் துண்டும் சிமென்ட் காரையும் மார்பிள் சில்லும்தான் வந்தன. குழியைச் செம்மண்ணும் மக்கிய எருவும் வேப்பம் புண்ணாக்கும் போட்டு நிரப்பினேன். வேர் குழிக்குள் இருந்த வரை கன்று தளதளவென்று வந்தது. குழியைத் தாண்டிக் காரைக்குள் போனதும் இலை பேசத் தொடங்கியது.

எலுமிச்சை இலையைக் கையில் எடுத்துப் பார்க்கத் தெரிந்துகொள்வது எந்த உர மூட்டையை வாங்குவதைவிடவும் முந்திய வேலை என்பது என் எண்ணம். நுனிக் கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக வலை போட்டதுபோல் தெரிந்தால் இரும்புச்சத்து எட்டவில்லை. இலை சிறுத்து, குறுகி, கொத்தாக நின்று, நரம்புகளுக்கு நடுவே திட்டுத்திட்டாக வெளுத்தால் துத்தநாகம். முதிர்ந்த இலையில் காம்புப் பக்கம் மட்டும் ஆப்பு வடிவில் பச்சை மிஞ்சி, ஓரமெல்லாம் மஞ்சளானால் மெக்னீசியம். அடி இலைகள் முழுசாக வெளிறினால் தழைச்சத்து. என் மரத்தில் தெரிந்தது முதலாவது. மண்ணில் இரும்பு இல்லாமல் போய்விடவில்லை. காரையிலிருந்து கரைந்த சுண்ணாம்பு மண்ணைக் காரத்தன்மை ஆக்கி, இருக்கிற இரும்பை வேர் தொட முடியாதபடி கட்டிப்போட்டிருந்தது. ஊர் மண் மலையடிவாரச் செம்மண். அங்கே சாம்பல் போட்டால் நன்மை. இங்கே அதே சாம்பல் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்கிறார்களே, அதுவும் சுண்ணாம்புதான். எனவே ஆச்சி போட்டாள் என்பதற்காக எதையும் இங்கே அப்படியே போட முடியவில்லை. செலேட் இரும்பை இலையில் தெளித்தேன். குழிக்கு வெளியே இரண்டு பக்கமும் காரையைத் தோண்டி எடுத்துவிட்டு மட்கிய எருவால் நிரப்பினேன். அடுத்த கொழுந்து பச்சையாக வந்தது.

அடுத்தது தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாளியில் வெள்ளைப் படிவு விடுகிறது. மண்ணிலும் அதையே விடும். எலுமிச்சை உப்பைத் தாங்காத மரம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீர் வீணாகிறதே என்று அதைச் செடிகளுக்குத் திருப்பிவிடுகிற வழக்கம் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தானே? இலை நுனி கருகி உதிர்கிற எலுமிச்சைகளை இந்தக் காலனியில் வீட்டுக்கு வீடு காட்ட முடியும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து மொட்டைமாடித் தண்ணீர் குழாய் வழியாகக் குழிக்குப் போகிறது. அதில் பாதியை டிரம்மில் பிடித்து மரத்துக்கு வைத்துக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வருகிற கொழுந்தின் பச்சையை வேறெந்த மாதத்திலும் நான் பார்த்ததில்லை. மழை உப்பை அலசிக் கீழே கொண்டுபோய்விடுகிறது. அரிசி களைந்த தண்ணீரும் காய்கறி கழுவிய தண்ணீரும் இன்றைக்கும் மரத்துக்கு நல்லவை. சோப்புக்குத் தள்ளி அவற்றைத் தனியாகப் பிடிக்க ஒரு வாளி போதும்.

இனி உரம். பல்கலைக்கழகப் பரிந்துரை, ஆறாம் வருடத்திலிருந்து மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 30 கிலோ தொழு உரம், 600 கிராம் தழைச்சத்து, 200 கிராம் மணிச்சத்து, 300 கிராம் சாம்பல்சத்து. கடைச் சரக்காக மாற்றினால் ஏறக்குறைய 1.3 கிலோ யூரியா, ஒன்றேகால் கிலோ சூப்பர் பாஸ்பேட், அரைக்கிலோ பொட்டாஷ். தழைச்சத்தை மார்ச்சில் பாதி, அக்டோபரில் பாதி, மற்றதெல்லாம் அக்டோபரில். கொழுந்து விடுகிற மார்ச், ஜூலை, அக்டோபரில் லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட் தெளிப்பு. இதை அண்ணனிடம் சொன்னபோது அவனுக்கு நம்ப முடியவில்லை. "ஏட்டி, ஒத்த மரத்துக்கு ஒன்னேகால் கிலோ யூரியாவா? அப்ப நம்ம மரத்துக்கு அம்புட்டுச் சத்து எங்கருந்து வந்துச்சு?"

நல்ல கேள்வி. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மட்கிய தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு இருக்கும். 600 கிராம் வேண்டுமென்றால் 120 கிலோ எரு. ஒரு மாடு நாளைக்குப் பத்துக் கிலோ சாணி போடும். மட்கினால் பாதியாகக் குறையும் என்று வைத்துக்கொண்டாலும், ஒற்றை மாட்டின் ஒரு மாதச் சாணியில் அந்த 120 கிலோ அடங்கிவிடுகிறது. அதற்கு மேல் கோமியம், புழுக்கை, மீன் தண்ணீர், கரம்பை, குழை. சாம்பல்சத்துக்கு அடுப்பு இருந்தது. புத்தகம் கேட்கிற அளவுக்குக் குறையாமல், அநேகமாக அதைவிடக் கூடவே, அந்த மரம் சாப்பிட்டிருக்கிறது. அதுவும் வருடத்துக்கு இரண்டு தவணையாக இல்லாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. இலைக்குத் துத்தநாகம் தெளிக்க வேண்டிய தேவை வராததற்கும் அந்தக் கரம்பையும் எருவும்தான் காரணம் என்று நினைக்கிறேன். யூரியாவை நான் குறை சொல்லவில்லை. வீடு கொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டோம். நிறுத்தியதைக் கடையில் எடை போட்டு வாங்குகிறோம்.

என் துண்டு நிலத்தில் வேருக்கு இடம் குறைவு, மரமும் முழு விரிவுக்கு வரவில்லை. அதனால் புத்தக அளவில் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். அதையும் நான்கைந்து தடவையாகப் பிரித்து, ஈரமண்ணில் நிழல் விளிம்பில் தூவி, லேசாகக் கொத்தி மூடித் தண்ணீர் விடுகிறேன். ஆழமாகக் கொத்தினால் மெல்லிய வேர் அறுந்துவிடும். தழைச்சத்தில் பெரும்பகுதி மண்புழு உரமும் வேப்பம் புண்ணாக்கும். யூரியாவை ஒரேயடியாகக் கூட்டினால் மரம் கொழுந்தாகத் தள்ளும். பூ வராது, அந்த இளங்கொழுந்தைத் தேடி இலைச் சுரங்கப் பூச்சி வரும். இலைக்குள் வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அது அதன் வேலை. தொட்டியில் வைப்பவர்கள் இன்னும் சிக்கனமாக இருக்க வேண்டும். மாதம் ஒரு பிடி மண்புழு உரமும் ஒரு பிடி புண்ணாக்கும் பெரிய தொட்டிக்குப் போதும். ரசாயன உரம் என்றால் தேக்கரண்டிக் கணக்குதான்.

கொழுந்துக்கு வருகிற இன்னொரு விருந்தாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளம் இலைமேல் காக்கை எச்சம்போல் கறுப்பும் வெளுப்புமாக ஏதோ ஒட்டியிருக்கும். விரலால் தொட்டால் தலையை நிமிர்த்தி, கழுத்துக்குப் பின்னாலிருந்து கவைபோல் ஒரு கொம்பை வெளியே நீட்டும். அழுகிய எலுமிச்சைபோல் ஒரு நெடி கிளம்பும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. வளர்ந்தால் இலைப் பச்சை நிறத்துக்கு மாறி, ஒரு சின்னக் கன்றை இரண்டு மூன்று நாளில் மொட்டையடித்துவிடும். ஊரில் இதற்கு யாரும் மருந்து அடித்ததில்லை. தவிட்டுக்குருவியும் குளவியும் பார்த்துக்கொண்டன. இங்கே குருவி குறைவு. கன்று சிறிதாக இருந்தவரை தினம் காலையில் பொறுக்கி எடுத்தேன். மரமான பிறகு நாலு இலையைத் தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மஞ்சள் புள்ளிச் சிறகோடு அவை பறந்து போவதைப் பார்க்கக் கீழ்வீட்டுக் குழந்தைகள் வருகிறார்கள்.

வாட்டம் போடுவது மட்டும் தாத்தா செய்த மாதிரியே நடக்கிறது. அடைக்க வாய்க்கால் இல்லை. குழாயைத் திருகி மூடுகிறேன். தொட்டிச் செடிக்கு இதைச் செய்யக் கூடாது. அதன் மண் ஒரு நாளில் காய்ந்துவிடும், பூவுக்குப் பதில் இலை கொட்டும்.

ஊரில் பழத்தைப் பறித்து விற்றதில்லை. கோயிலுக்கு, பித்தத்துக்கு, பெரியவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் கொண்டுபோக என்று யாராவது புறவாசல் வழியாக வந்து, "ஆச்சி, ரெண்டு எலுமிச்சங்காய் பறிச்சுக்கிடட்டா?" என்று கேட்டுக்கொண்டே பறித்துப் போவார்கள். முள் குத்தாமல் எந்தக் கிளையில் கையை விடுவது என்பது தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். இங்கே மரம் காய்த்த முதல் வருடம் யாருமே கேட்கவில்லை. அடுத்தவர் வீட்டுச் செடியில் கைவைப்பது மரியாதை இல்லை என்று நினைக்கிற ஊர். நானே பழத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இப்போது ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கேட்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எதிர்வீட்டு அம்மாள் ஊறுகாய் போட்டு ஒரு பாட்டில் திருப்பித் தருகிறார். கூடவே தன் வீட்டு இட்லி மாவு கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் கொண்டுவந்து, "இதை ஊத்தலாமா பாருங்க" என்று கேட்டார். உப்புப் போடாத மாவு என்றால் தாராளமாக ஊற்றலாம் என்றேன்.

போன ஆவணியில் பழுத்த பழங்களின் விதையைப் பாலித்தீன் பைகளில் ஊன்றியிருக்கிறேன். அண்ணனுக்கு ஒன்று போகிறது. கார் நிற்கிற இடத்துக்கு அந்தப் பக்கம் நாலு கல்லைப் பெயர்க்கக் கொத்தனாரிடம் பேசியிருக்கிறான். கீழே இன்னும் பழைய செம்மண்தான் இருக்கிறது, எரு மட்டும் வேண்டும். பக்கத்துத் தெருவில் இன்னும் இரண்டு மாடு வைத்திருக்கிற வீடு ஒன்று உண்டு. தினம் சாணியை எங்கே கொட்டுவதென்று அவர்கள் அலைகிறார்களாம். ஆனி, ஆடியில் நட்டால் மழைக்குள் வேர் பிடித்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.